டெக்சாஸில் கைத்துப்பாக்கியை வெளிப்படையாக அணிந்து செல்வோருக்கான வழிகாட்டி

டெக்சாஸ் என்றதும் நம்மவர் மனத்தில் எழும் சித்திரத்தில் அகன்ற தொப்பியும் குதிரையும் இடுப்பில் தொங்கும் துப்பாக்கியும் இருக்கும். ஆனால் பொது இடத்தில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதை அந்த மாநிலம் 1871ஆம் ஆண்டிலேயே, சில விதிவிலக்குகளோடு, தடை செய்துவிட்டது. கில்லீன் நகர உணவகம் ஒன்றில் 1991இல் நடந்த படுகொலைக்குப் பிறகு எழுந்த நீண்ட வாதங்களின் முடிவில், துப்பாக்கியை மறைத்து வைத்துச் செல்வதற்கு உரிமம் தரும் சட்டம் 1995இல் வந்தது. தோளில் ரைபிளை மாட்டிக்கொண்டு உரிமமின்றி நடக்கலாம், இடுப்பில் கைத்துப்பாக்கி தெரிய நடந்தால் குற்றம் என்ற விந்தை அதன் பிறகும் இருபது ஆண்டுகள் நீடித்தது. 2016 ஜனவரி 1 முதல் உரிமம் பெற்றவர்கள் வெளிப்படையாக அணியலாம் என்றானது; 2021 செப்டம்பர் 1 முதல் சட்டத் தடை எதுவும் இல்லாத, 21 வயது நிரம்பிய எவருக்கும் அந்த உரிமம்கூடக் கட்டாயமில்லை என்றானது. 18 முதல் 20 வயது வரையிலானோரை விலக்கும் விதியை ஃபோர்ட் வொர்த்தில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் 2022இல் செல்லாது என்று தீர்ப்பளித்தார்; மாநில அரசும் தன் மேல்முறையீட்டைக் கைவிட்டது.

சட்டம் இவ்வளவு தளர்ந்திருப்பதைக் கேள்விப்பட்டு அங்கு வாழும் தமிழர் சிலர் நேராகத் துப்பாக்கிக் கடைக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது கடவுச்சீட்டில் இருக்கும் விசாவை. எச்1பி, எல்1, எஃப்1, எச்4 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் நாட்டுக்குள் வந்திருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இந்தத் தடை விலகாது. மீறுவோருக்கான அதிகபட்சத் தண்டனை 2022இல் 10 ஆண்டுச் சிறையிலிருந்து 15 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. வைத்திருத்தல் என்பது விலை கொடுத்து வாங்குவதை மட்டும் குறிப்பதன்று. நண்பர்களோடு சனிக்கிழமை சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் வைத்திருத்தலே என்பது, பல ஆண்டுகளாக எச்1பியில் இருக்கும் பொறியாளர்களில் பலருக்குத் தெரிவதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்போருக்கு இதே சட்டத்தில் விதிவிலக்கு உண்டு. ஆயினும் அந்த ஒற்றைத் தாளை நம்பி இடுப்பில் துப்பாக்கி தெரிய ஊருக்குள் நடமாடுமாறு எந்த விசாக்காரருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

கிரீன் கார்டு பெற்றவர் இந்தத் தடைக்குள் வருவதில்லை. அவர் துப்பாக்கி வாங்கலாம், அணியலாம், உரிமத்துக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் துப்பாக்கியைச் சட்டத்துக்கு மாறாக வாங்கியதற்கோ வைத்திருந்ததற்கோ கொண்டு சென்றதற்கோ தண்டனை பெறும் வெளிநாட்டவரை நாடு கடத்தலாம் என்று குடிவரவுச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவரும் அதில் அடக்கம். ஆகையால் பக்கத்து வீட்டு அமெரிக்கர் 200 டாலர் அபராதத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடக்கூடிய வழக்கையும், குடிவரவு வழக்கறிஞரைக் கலந்து பேசாமல் இவர் ஒப்புக்கொள்ளக் கூடாது. குடியுரிமை பெறும் வரை பொறுத்திருங்கள் என்று நான் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்களும் உண்டு, கேளாதவர்களும் உண்டு.

பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள், குடும்ப வன்முறை வழக்கில் தண்டனையோ குறிப்பிட்ட வகைத் தடையாணையோ பெற்றவர்கள் ஆகியோரையும் கூட்டாட்சிச் சட்டம் விலக்குகிறது. மாநிலச் சட்டம் இன்னொன்றையும் சேர்க்கிறது. உடல் காயம் விளைவித்த தாக்குதல், மிரட்டல் போன்ற சில சிறு குற்றங்களுக்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள் தண்டனை பெற்றவர் உரிமமின்றித் துப்பாக்கி அணிய முடியாது.

தடை எதுவும் இல்லை என்றானபின், கட்டாயம் இல்லாவிட்டாலும் உரிமத்தை வாங்கிவிடுவதே நல்லது. பொதுப் பாதுகாப்புத் துறைக்கு 40 டாலர் கட்டணத்தோடு விண்ணப்பித்து, விரல்ரேகை கொடுத்து, 4 முதல் 6 மணி நேர வகுப்பில் அமர்ந்து, 3, 7, 15 கஜத் தொலைவுகளிலிருந்து 50 தோட்டாக்கள் சுட்டுக் காட்ட வேண்டும். 250க்கு 175 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. சுடும் தேர்வு கடினமானதன்று. எந்தச் சூழலில் துப்பாக்கியைத் தொடவே கூடாது என்பதை ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து கேட்பதே அந்த வகுப்பின் பெரும்பயன். இதைவிட நடைமுறையான காரணம் ஒன்றும் இருக்கிறது. பள்ளிக்கூட எல்லையிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கியோடு இருப்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம், அந்த மாநிலத்தின் உரிமம் பெற்றவருக்கு விலக்களிக்கிறது. புறநகர்க் குடியிருப்புகளில் எத்தனை தெருக்கள் ஏதேனும் ஒரு பள்ளியின் 1000 அடிக்குள் அடங்கும் என்பதை வரைபடத்தை வைத்து அளந்து பார்த்தால், 40 டாலர் மலிவாகத் தோன்றும்.

துப்பாக்கி உறையில் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. தோளிலோ இடைவாரிலோ மாட்டும் உறையாகத்தான் இருக்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு 2021இல் நீங்கிவிட்டது என்றாலும், வெளிப்படையாக அணிவோருக்கு துப்பாக்கியை எடுக்கும் கையின் பக்கத்து இடுப்பில், இடைவாருக்கு வெளியே நிற்கும் கெட்டியான உறையே பொருத்தமானது. அது சுடும் விசையையும் அதைச் சுற்றியிருக்கும் காப்பு வளையத்தையும் முழுவதும் மூடியிருக்க வேண்டும்; துப்பாக்கியை எடுத்த பிறகும் அதன் வாய் சுருங்காமல் திறந்தே நிற்க வேண்டும். மறைத்து வைத்திருப்பவருக்கு இல்லாத ஓர் ஆபத்து இங்கே உண்டு: பின்னால் வரிசையில் நிற்கும் யாரோ ஒருவர் கையை நீட்டிப் பிடுங்கிவிடலாம். எனவே பிடிமானத்துக்கு வெறும் இறுக்கத்தை மட்டும் நம்பாமல், கட்டை விரலாலோ சுட்டு விரலாலோ விடுவிக்க வேண்டிய பூட்டு ஒன்றாவது உள்ள உறையைத் தேர்ந்தெடுப்பது அவசியம். அந்தப் பூட்டைக் கண் பாராமல் திறந்து எடுக்கவும் திருப்பி வைக்கவும், தோட்டா இல்லாத துப்பாக்கியோடு, தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துவிட்டு, வீட்டில் நூறு முறையாவது பழகிய பின்னரே வெளியே அணிந்து செல்ல வேண்டும். நடுத்தர அளவுத் துப்பாக்கி தோட்டாக்களோடு ஏறத்தாழ 850 கிராம் கனக்கும். அலுவலகத்துக்கு அணியும் மெல்லிய இடைவார் அந்தக் கனத்தில் தொய்ந்து, பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டே நடக்க வைக்கும். தடித்த இடைவாருக்குச் செலவு செய்யத் தயங்குபவர்களே, நாளெல்லாம் உறையைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்துகொண்டிருப்பவர்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அது வேறு விதமாகத் தெரியும்.

அணிந்துகொண்டு கிளம்பிய பிறகு நாளின் பெரும்பகுதி கதவுகளைப் படிப்பதில்தான் கழியும். கடைக்காரர் தம் இடத்துக்குள் துப்பாக்கியை அனுமதிக்காமல் இருக்க உரிமை பெற்றவர். அதைத் தெரிவிக்கும் பலகைகளுக்குத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்களே பெயராகிவிட்டன. உரிமம் இல்லாதவரைத் தடுப்பது 30.05, உரிமம் பெற்றவர் மறைத்துக் கொண்டுவருவதைத் தடுப்பது 30.06, அவரே வெளிப்படையாக அணிந்து வருவதைத் தடுப்பது 30.07. 30.07 பலகை ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்தில், பின்னணியிலிருந்து தெளிவாக வேறுபடும் நிறத்தில், ஒவ்வொரு நுழைவாயிலிலும் இருக்க வேண்டும் என்பது விதி. அதைக் கடந்து உள்ளே போனால் 200 டாலர் வரை அபராதம். வாயால் சொல்லியும் வெளியேறாமல் நின்றால் குற்றத்தின் தரம் உயர்ந்து, ஓராண்டுச் சிறை வரை போகும். துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட சிறு ஒட்டியில் 30.07 கேட்கும் வாசகம் இல்லை என்று வாசலில் நின்று வாதிடுவோரைப் பார்த்திருக்கிறேன். ஒரு பால் குப்பிக்காக அந்த வாதம் எதற்கு? திரும்பிக் காருக்குப் போய்விடலாம். பலகையே வைக்காமல் வேண்டுகோளாக மட்டும் அறிவித்த நிறுவனங்களும் உண்டு. எல் பாசோ நகரத்தில் தன் கடையிலேயே நடந்த படுகொலைக்குப் பின் 2019 செப்டம்பரில் வால்மார்ட் தன் வாடிக்கையாளர்களை வெளிப்படையாக அணிந்து வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது.

கடைக்காரர் விருப்பத்துக்கு அப்பாற்பட்டு, சட்டமே மூடிவைத்த இடங்கள் தனி. பள்ளிகள், நீதிமன்றங்கள், வாக்குப்பதிவு நடக்கும் நாட்களில் வாக்குச்சாவடிகள், குதிரைப் பந்தயத் திடல்கள், விமான நிலையத்தின் சோதனைக்கு உட்பட்ட பகுதி, சிறைகள், விளையாட்டுப் போட்டிகள், அரசு அமைப்புகளின் பொதுக்கூட்ட அறைகள் ஆகியவற்றில் அனுமதி இல்லை. வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ அங்கேயே அருந்தும் மதுவிலிருந்து வரும் கடைகளில் சிவப்பு நிறத்தில் 51 என்ற எண் பெரிதாகத் தெரியும். அங்கும் நுழையக் கூடாது. மருத்துவமனையையும் மூடிய இடமாகவே கொள்ளுங்கள். மரண தண்டனை நிறைவேற்றும் நாளில் அந்த இடத்திலிருந்து 1000 அடிக்குள் போகக் கூடாது என்ற விதியும் உண்டு. அந்தத் தண்டனை நிறைவேற்றப்படும் ஹண்ட்ஸ்வில் ஊர்க்காரரைத் தவிர மற்றவருக்கு அதனால் தொல்லை நேர வாய்ப்பில்லை. இவற்றில் பலவற்றை மீறினால் அபராதத்தோடு போகாது, பெருங்குற்ற வழக்காகும்.

நம்மவர் தடுமாறும் இடங்கள் மூன்று. வார இறுதித் தமிழ்ப் பள்ளி வாடகைக்கு எடுத்த பள்ளிக் கட்டடத்தில் நடக்கிறது என்றால், ஞாயிற்றுக்கிழமையாயினும் அது பள்ளிக் கட்டடமே. பிள்ளையை வகுப்பறை வரை கொண்டுவிடும் தந்தை துப்பாக்கியைக் காரிலேயே பூட்டிவிட்டு இறங்க வேண்டும். இரண்டாவது, கல்லூரி வளாகம். உரிமம் பெற்றவர் மறைத்து வைத்துச் செல்வதற்கு 2016 ஆகஸ்ட் முதல் வழி இருக்கிறது; வெளிப்படையாக அணிவதோ கட்டடத்தில் மட்டுமன்றி வளாகத்தின் சாலையிலும் நடைபாதையிலும் வாகன நிறுத்தத்திலும் குற்றம். மகளைப் பல்கலைக்கழக விடுதியில் சேர்க்கப் போகும் நாளில் இது மறந்துபோகும். மூன்றாவது, கோயில். வழிபாட்டுத் தலங்களைப் பெயர் சொல்லித் தடுத்த வாசகத்தை மாநிலச் சட்டமன்றம் 2019இல் நீக்கிவிட்டது. பலகை வைத்தோ வாயால் சொல்லியோ நிர்வாகம் தடுக்கலாம். பலகை இல்லாத கோயிலுக்கும் அணிந்து செல்ல எனக்கு மனம் வருவதில்லை. செருப்பைக் கழற்றும் இடத்தில் கழற்ற வேண்டியது செருப்பு மட்டும்தானா என்று அர்ச்சகர் பார்வையால் கேட்பார்.

உறையில் இருக்கும் வரைதான் அது அணிந்திருத்தல். பிறரை அச்சுறுத்தும் நோக்கத்தோடு துப்பாக்கியைப் பொது இடத்தில் காட்டுவது தனிக் குற்றம். வாகன நிறுத்தத்தில் வாய்த்தகராறு நடக்கும்போது உறையின் மேல் உள்ளங்கையை வைப்பதை எதிரில் நிற்பவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தகராறு தொடங்கியதும் துப்பாக்கி அணிந்தவரே முதலில் மன்னிப்புக் கேட்டு விலகுபவராக இருக்க வேண்டும் என்று எங்கள் உரிம வகுப்பின் ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொன்னார். போதையோடு பொது இடத்தில் அணிவதும் குற்றம். விருந்துக்குப் போகும் மாலையில் துப்பாக்கி வீட்டில் இருக்கட்டும்.

உங்களைப் பார்த்து யாரோ ஒருவர் 911ஐ அழைப்பார் என்று எதிர்பார்த்தே வெளியே வாருங்கள். காவலர் வந்தால் கைகள் அவர் கண்ணில் படும்படி இருக்கட்டும். உரிமம் இருப்பவர் துப்பாக்கி அணிந்திருக்கும்போது காவலர் அடையாளம் கேட்டால், ஓட்டுநர் உரிமத்தோடு துப்பாக்கி உரிமத்தையும் காட்டக் கடமைப்பட்டவர். பணப்பை எந்தப் பையில் இருக்கிறது, துப்பாக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்று வாயால் சொல்லி, அவர் சரி என்ற பிறகே கையை அசைக்க வேண்டும். பணப்பையைத் துப்பாக்கிக்கு எதிர்ப்பக்கத்தில் வைப்பது இதற்காகவே. பாதுகாப்புக்காகத் துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்ள அவருக்கு அதிகாரம் உண்டு. அவரே எடுத்துக்கொள்ளட்டும், நீங்கள் எடுத்துத் தர வேண்டாம்.

கூட்டங்களைத் தவிர்ப்பது இதைவிட முக்கியம். 2016 ஜூலை 7 அன்று டாலஸில் நடந்த ஊர்வலத்தில் ஒருவன் மறைந்திருந்து காவலர்களைச் சுட்டபோது, ரைபிளை வெளிப்படையாக ஏந்தி அதே ஊர்வலத்தில் நடந்த ஒருவருடைய படத்தைக் காவல்துறை சந்தேகத்துக்குரியவர் என்று வெளியிட்டது. அவர் தம் துப்பாக்கியைக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டார், விசாரித்து விடுவித்தார்கள். ஐந்து காவலர்களின் சாவுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த இரவு அவர் எவ்வளவு அபாயத்தில் இருந்தார் என்பதை அணிபவர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் நிறமும் உச்சரிப்பும் அந்தக் கணத்தில் நமக்குச் சாதகமாக இருக்கும் என்று நம்புவதற்கில்லை.

காருக்குள் துப்பாக்கி வெளியே தெரியும்படி இருந்தால் அதுவும் உறைக்குள்தான் இருக்க வேண்டும். அலுவலகக் கட்டடத்துக்குள் தடை போட முதலாளிக்கு உரிமை உண்டு; ஆனால் வாகன நிறுத்தத்தில் பூட்டிய காருக்குள் ஊழியர் சட்டப்படி வைத்திருப்பதைப் பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் தடுக்க முடியாது என்று 2011ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நெடும்பயணத்துக்கு முன் செல்லும் மாநிலங்களின் சட்டத்தையும் பாருங்கள். இல்லினாயும் நியூயார்க்கும் வெளிப்படையாக அணிவதை ஏற்பதில்லை. எல் பாசோ, லாரிடோ போன்ற எல்லை ஊர்களில் வழி தவறிப் பாலத்தில் ஏறிவிட்டால் மறுகரை மெக்சிகோ; கார் இருக்கைக்கடியில் உருண்டு கிடக்கும் ஒரு தோட்டாவும் அங்கே கைதாகப் போதும்.

வீடு திரும்பியதும் தோட்டாக்கள் அடங்கிய மேகசினைக் கழற்றி, துப்பாக்கிக் குழலின் பின்முனையில் தங்கிய தோட்டாவையும் எடுத்து, கண்ணாலும் விரலாலும் சரிபார்த்துவிட்டுப் பெட்டகத்தில் பூட்டுங்கள். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டும்படி சுடுவதற்குத் தயாரான துப்பாக்கியை விட்டுவைப்பது அந்த மாநிலத்தில் பெற்றோரின் குற்றம். பெட்டகத்தின் எண்ணாகப் பிள்ளையின் பிறந்தநாளை வைக்காதீர்கள். நம் வீடுகளில் எல்லாப் பூட்டுக்கும் எல்லாக் கைபேசிக்கும் அந்த எண்ணே என்பது பிள்ளைக்கு எப்போதோ தெரிந்திருக்கும்.