தரவுச் சட்டம் வந்துவிட்டது, இனி கவலையில்லையா? பலரும் செய்யும் தவறுகள்

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. எல்லையில் சீனப் படையுடன் கல்வான் மோதல் நடந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. டிக்டாக் போனதைப் பற்றித்தான் ஊரே பேசியது. அதே பட்டியலில் கேம்ஸ்கேனரும் இருந்தது. ஆதார், பான் கார்டு, வீட்டுப் பத்திரம், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் என்று எதையெல்லாம் அதில் படம் பிடித்து பிடிஎஃப் ஆக்கியிருந்தோம்! தடை வந்ததும் செயலியை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறந்துபோனோம்.

முதல் தவறு அதுதான். அன்இன்ஸ்டால் செய்தால் போவது போனில் இருக்கும் செயலி மட்டுமே. கணக்குத் திறந்து சர்வரில் ஏற்றிய கோப்புகள் அங்கேயே இருக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படிதான் அந்தத் தடை வந்தது. இங்கிருந்து யாரும் அதைப் பயன்படுத்த முடியாதபடி அடைக்க அந்தப் பிரிவு வழி செய்கிறது. ஏற்கெனவே வெளியே போன தகவலை அது திரும்ப வாங்கித் தராது. அதனால் பயன்படுத்தாத செயலி எதுவானாலும் இப்போதே உள்ளே போய்க் கோப்புகளை அழியுங்கள், கணக்கை மூடுங்கள், அப்புறம் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். தடை வந்த பிறகு உள்ளே நுழையவே வழி இல்லாமல் போகலாம்.

இதைவிட மோசமானது, தடை செய்த செயலியைப் பின்வாசல் வழியாக வாங்கிப் போடுவது. 2020 செப்டம்பரில் பப்ஜி உட்பட இன்னும் 118 செயலிகளைத் தடை செய்தபோது, உறவுக்காரப் பையன் ஒருவன் டெலிகிராமில் ஏபிகே கோப்பாக (ஆப் ஸ்டோர் இல்லாமல் நேரடியாகப் போனில் போடும் செயலிக் கோப்பு) இறக்கிப் போட்டிருந்தான். விளையாட்டுக்கு எதற்கு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி? அவன் போனில் அதற்கும் ‘அலவ்’ கொடுத்திருந்தது. வங்கி ஓடிபி வருவதும் அதே போனில்தான். அந்தக் கோப்பில் யார் எதைச் சேர்த்தார்கள் என்று பார்க்க ஆளே கிடையாது.

சரி, இப்போது சட்டம் வந்தாயிற்றே என்று கேட்பீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதற்கு 6 ஆண்டு கழித்து 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் நிறைவேறிய நாளே கேடயம் கைக்கு வந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது.

‘தகவல் கசிந்தால் 250 கோடி அபராதமாம், நமக்கும் ஏதாவது கிடைக்கும்’ என்று ஒரு நண்பர் சொன்னார். 250 கோடி ரூபாய் என்பது அதிகபட்சம். அது போவது அரசின் தொகுப்பு நிதிக்கு. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கேட்க வழிசெய்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பழைய 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

வெளிநாட்டு உளவு விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். ‘சர்வர் இந்தியாவில்தான் இருக்கிறது, பயமில்லை’ என்பார்கள். சர்வர் எங்கே இருக்கிறது என்பதோடு, அதை நடத்தும் நிறுவனம் எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். சீனாவின் 2017 தேசிய உளவுச் சட்டப்படி, அந்த நாட்டு நிறுவனங்கள் அரசின் உளவுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும். அமெரிக்காவின் 2018 கிளவுட் சட்டப்படி, அமெரிக்க நிறுவனத்தின் தரவு எந்த நாட்டு சர்வரில் இருந்தாலும் அமெரிக்க அரசு சட்டப்படியான ஆணையுடன் கேட்க முடியும். நம் சட்டமோ தரவை வெளிநாட்டுக்கு அனுப்பப் பொதுவாக அனுமதிக்கிறது. எந்த நாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று அரசு அறிவிக்கிறதோ, அங்கு மட்டும்தான் தடை. அந்நிய அரசுக்கோ அதன் அமைப்புகளுக்கோ தரவைக் கொடுப்பதற்கு நிபந்தனை போடும் அதிகாரத்தைப் புதிய விதிகள் மத்திய அரசுக்குத் தந்திருக்கின்றன. நிபந்தனை எவ்வளவு கறாராக இருக்கும் என்பதில்தான் இனி எல்லாம் இருக்கிறது.

இந்தச் சட்டமே ஒற்றுக் கேட்பதையும் தடுத்துவிடும் என்று நம்புவது இன்னொரு தவறு. இஸ்ரேல் நிறுவனத்தின் உளவு மென்பொருளான பெகசஸ் விவகாரம் 2021 ஜூலையில் வெடித்தபோது உச்ச நீதிமன்றம் ஒரு குழு அமைத்தது. ஆய்வு செய்த 29 போன்களில் 5-ல் தீய மென்பொருள் இருந்தது, ஆனால் அது பெகசஸ்தான் என்று உறுதியாகவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாக நீதிமன்றமே தெரிவித்தது. புதிய சட்டத்தின் 17-வது பிரிவு, நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு முழு விலக்கு தருகிறது. தனிநபர் தரவைக் காக்க வந்த சட்டத்தில் உள்நாட்டுக் கண்காணிப்புக்கு இவ்வளவு அகலமாகக் கதவைத் திறந்து வைத்திருக்கக் கூடாது.

நீங்களே பொதுவெளியில் போட்டது சட்டத்துக்குள் வராது. பிள்ளையின் பள்ளி அடையாள அட்டையை ஸ்டேட்டஸில் வைத்து மகிழ்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அதே சமயம், நடைமுறைக்கு வந்ததும் சட்டம் தரும் நல்ல உரிமைகளை நாம் கேட்காமலே விட்டுவிடவும் கூடாது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் பார்க்க வழி தர வேண்டும் என்கிறது சட்டம். தமிழும் அதில் உண்டு. ஒப்புதல் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். குறை இருந்தால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அதன் பிறகுதான், இந்தச் சட்டப்படி புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போக முடியும்.

போன வாரம் ஜெராக்ஸ் கடையில் ஆதார் பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் எனக்கு முன்னால் வந்தவர்களின் ஆதார் வரிசையாகக் கிடந்தது. நான் அனுப்பியது முதல் 8 எண்களை மறைத்த ஆதார். அதை ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பிரிண்ட் வந்ததும், ‘தம்பி, என்னோடதை அழிச்சிடுங்க, ரீசைக்கிள் பின்லயும் பாருங்க’ என்றேன். அவர் என்னுடையதோடு மற்றவர்களுடையதையும் சேர்த்து அழித்தார்.