இறப்பர் மீன் சாய்ந்து ஓடினால்

மட்டக்களப்பு வாவியில் கொடுவா மீனுக்குத் தூண்டில் இரையாக நான் போடுவது துடுப்பு வால் உள்ள 4 அங்குல இறப்பர் மீன். அது நிமிர்ந்து நீந்தாமல் சாய்ந்தோ சுழன்றோ வந்தால், அனேகமாகக் கொளுக்கி நடுக்கோட்டை விட்டு விலகியிருக்கும்.

ஈயத்தலைக் கொளுக்கியை (தலையில் ஈயக் குண்டு உள்ள தூண்டில் முள்) இறப்பர் மீனின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வளைவு வெளிவர வேண்டிய இடத்தில் முதுகில் பேனாவால் புள்ளி வைப்பேன். மூக்கின் நடுவில் குத்தி அந்தப் புள்ளியிலேயே நுனியை எடுக்க வேண்டும். புள்ளிக்குப் பின்னால் எடுத்தால் உடல் கூனும். முன்னால் எடுத்தால் இழுபட்டு மூக்கு கிழியும். இரண்டிலும் வால் ஒழுங்காக அடிக்காது. கழுத்தில் ஒரு துளி சுப்பர் குளூ விட்டால் உடல் வழுகாது. பைக்குள்ளேயே வளைந்துபோன வாலைச் சுடுநீரில் சில விநாடி அமிழ்த்தி, நேராகப் பிடித்துப் பச்சைத் தண்ணீரில் ஆறவிடுங்கள்.

கொளுக்கி நேராக இருந்தும் சாய்ந்தால் நீங்கள் இழுக்கும் வேகம் கூட, அல்லது ஈயம் போதாது. இடுப்பளவு நீருக்கு 7 கிராம் போதும். கல்லடிப் பாலத்தடியில் நீர் இழுக்கும்போது 14 கிராம் போடுவேன்.

கண்டல் வேருக்குள் எறிய, தண்டில் ஈயம் பதித்த 5/0 அளவு அகலக் கொளுக்கிதான் சரி. நுனியை முதுகுத் தோலுக்குக் கீழே மட்டும் மறையுங்கள். ஆழமாகப் புதைத்தால் கொடுவாவின் கடின வாயில் ஏறாது.

நூலின் முன்னால் 40 இறாத்தல் தாங்கும் தங்கூசி 60 சென்ரிமீற்றர் கட்டாயம் வேண்டும். கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு மெல்லிய நூலை அறுத்துவிடும். தங்கூசியைக் கொளுக்கிக் கண்ணில் இறுக்கிக் கட்டாமல் சிறு வளையமாகக் கட்டினால் இறப்பர் மீன் தாராளமாக ஆடும்.