படகு எஞ்சின் திருத்துகிறவர்கள் விடும் பிழைகள்

கொக்கிளாய், அளம்பில், முல்லைத்தீவு, மேற்கே நாச்சிக்குடா என்று வன்னிக் கரையோரம் படகின் பின்பக்கம் பூட்டும் அவுட்போட் எஞ்சின் திருத்துகிற பொடியள் பலர் கைவேலையில் கெட்டிக்காரர். இருந்தும் வாடிக்கையாளர் கடை மாறுகிறார் என்றால், பல நேரம் காரணம் வேலையில் இல்லை. சொல்ல வேண்டியதை நேரத்துக்குச் சொல்லாமல் விடுவதில்தான் இருக்கிறது.

“நாளைக்கு வாங்கோ அண்ணை” என்பதில் தொடங்குகிறது வினை. சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும், ஐந்து நாளாவது ஆகும் என்று தெரிந்துகொண்டே நாளைக்கு என்பது. எஞ்சின் கடையில் கிடந்தால் படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு மட்டும் நட்டமில்லை. அந்தப் படகில் பங்குக்குப் போகிறவர்களுக்கும் அன்று தொழில் இல்லை. ஐந்து நாள் என்று நேரே சொன்னால் அவர் எங்கேயாவது இரவல் எஞ்சின் பார்ப்பார், பங்காளிகள் வேறு படகில் ஏறுவார்கள். நாளை, நாளை என்று இழுத்தால் அதற்கும் வழியில்லை.

எஞ்சினைக் கண்டதும் ஸ்பேனரை எடுப்பது இன்னொரு பழக்கம். முதலில் கேளுங்கள். எஞ்சின் நிற்பதற்கு முன் அதைக் குளிர்த்தும் தண்ணீர் வெளியே ஒழுங்காகப் பீச்சியதா? எரிபொருளில் எவ்வளவு ஒயில் கலந்தீர்கள்? டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கும் பெயாரிங்குக்கும் அந்த ஒயிலைத் தவிர வேறு வழுவழுப்பு இல்லை. ஆனால் 2022 ஆகஸ்டில் படகு எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியதைப் பார்த்தவருக்கு, ஒயிலிலாவது மிச்சம் பிடிப்போம் என்று தோன்றுவது புதினமில்லை. அதற்காக அவரை ஏசினால் அடுத்த முறை உண்மையை மறைப்பார். இல்லாத கோளாறை நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கடலில் மூழ்கிய எஞ்சினை வரிசையில் போடுவதுதான் இருக்கிறதிலேயே பெரிய பிழை. மற்ற வேலை காத்திருக்கும், இது காத்திருக்காது. வெளியே எடுத்த கையோடு உப்பும் காற்றும் சேர்ந்து உள்ளே துருவை ஏற்றத் தொடங்கிவிடும். ஆகவே சேவை போனிலேயே தொடங்க வேண்டும்: “கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதேங்கோ, நல்ல தண்ணியால கழுவி உடனே கொண்டு வாங்கோ” என்று. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பலமாகச் சுற்றினால் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கொன்ரொட் வளையலாம். வந்ததும் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்து ஒயில் விட வேண்டும். அன்றைக்கு முடியாவிட்டால் நல்ல தண்ணீர்த் தொட்டியில் முழுக அமிழ்த்தி வைப்பது வெளியே கிடப்பதைவிட நல்லது. பார்க்கிறவருக்கு விசர் வேலை போலத் தெரியும், அதனால் காரணத்தையும் சொல்லிவிடுங்கள்.

காசு விஷயம் நீட்டத் தேவையில்லை. சாமான் வாங்க முன் விலையைச் சொல்லுங்கள், ஒரிஜினலா கொப்பியா என்று சொல்லுங்கள், கழற்றிய பழையதைக் கையில் கொடுங்கள். கடனென்றால் இரண்டு பேரும் பார்க்க எழுதுங்கள்.

திருத்திய எஞ்சினைத் தண்ணீர் இல்லாமல் ஸ்டாண்டில் முறுக்கிச் சத்தம் காட்டுவது சிலருக்குப் பெருமை. தண்ணீர் பம்புக்குள் இருக்கும் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் காய்ந்து ஓடினால் சற்று நேரத்திலேயே கெட்டுவிடும். பீப்பாத் தண்ணீரில் ஓட்டலாம், ஆனால் பாரம் இழுக்கும்போது வரும் கோளாறு அங்கே பிடிபடாது. உரியவரோடு படகில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். பிஸ்டன் மாற்றியிருந்தால் ஒயில் கலவையை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். பல பெற்றோல் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு முதல் 10 மணித்தியாலம் 25 லீற்றருக்கு 1 லீற்றர், பிறகு 50க்கு 1. மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு அதன் கைநூலைப் பார்த்து எழுதுங்கள்.

அப்புறம், முல்லைத்தீவுப் பக்கம் வாடைக்காற்றுக்குக் கடல் கொந்தளித்துப் படகெல்லாம் கரையில் கிடக்கும்போது கடையைப் பூட்டிவிட்டு இருக்காதீர்கள். பெரிய வேலைகளை அப்போதே கொண்டுவரச் சொல்லி நீங்களே போன் எடுங்கள். கடல் அமர்ந்தபின் எல்லோரும் ஒரே கிழமையில் எஞ்சினோடு வந்து நிற்பார்கள்.