வியப்பூட்டும் தகவலையும் சந்தைச் செய்தியையும் நம்புவதற்கு முன் சரிபார்ப்பது எப்படி?

ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள் உண்டு என்ற தகவலும், பங்குச் சந்தை ஒரே நாளில் ஆயிரம் புள்ளிகள் சரிந்தது என்ற செய்தியும் கைபேசித் திரையில் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. ஒன்று உயிரியலையும் மற்றொன்று பணத்தையும் பற்றியது என்றாலும், இரண்டும் நம்மை வந்து சேரும் வழி ஒன்றுதான். எங்கோ ஒருவர் அளந்தோ ஆராய்ந்தோ எழுதிய நீண்ட கூற்று, பல கைகள் மாறும்போது தன் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக இழந்து, வியப்பு மட்டும் மிஞ்சிய ஒற்றை வரியாகிவிடுகிறது. அப்படி உதிர்ந்துபோன நிபந்தனைகளைத் தேடி எடுத்து மீண்டும் அந்த வரியோடு சேர்ப்பதே சரிபார்ப்பின் பெரும்பகுதி வேலை என்று கருதுகிறேன். பொருளியலிலோ விலங்கியலிலோ பட்டம் பெறாதவரும் இதைச் செய்ய முடியும்.

முதலில், அந்த வரியில் எது அளக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். வெள்ளிக் கோளின் ஒரு நாள் அதன் ஓர் ஆண்டைவிட நீளமானது என்று அடிக்கடி படிக்கிறோம். வெள்ளி தன் அச்சில் ஒருமுறை முழுதாகச் சுழலப் புவியின் கணக்கில் ஏறத்தாழ 243 நாட்களும், சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 225 நாட்களும் ஆவதால், நாள் என்பதைத் தற்சுழற்சிக் காலமாகக் கொண்டால் இந்தக் கூற்று சரியே. ஆனால் நாம் அன்றாடம் நாள் என்று எண்ணுவது ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரையிலான காலத்தை. வெள்ளி, பெரும்பாலான கோள்களுக்கு எதிர்த்திசையில் சுழல்வதால், அங்கே அந்தக் காலம் ஏறத்தாழ 117 புவி நாட்கள்தான். அதாவது வெள்ளியின் ஆண்டில் பாதியைச் சற்றே தாண்டிய அளவு. நெப்போலியன் மிகக் குள்ளமானவர் என்ற கதைக்கும் அளவைக் குழப்பம் துணைநின்றது. அவருடைய உயரம் 5 அடி 2 அங்குலம் என்று அன்றைய பிரெஞ்சு அளவையில் குறிக்கப்பட்டது. பிரெஞ்சு அங்குலம் ஆங்கில அங்குலத்தைவிடப் பெரியது என்பதால் அது ஏறத்தாழ 168 சென்டிமீட்டராகிறது. அக்காலப் பிரெஞ்சு ஆண்களிடையே அது குறைவான உயரம் அல்ல.

சந்தைச் செய்தியில் இதே கேள்வியைப் புள்ளிக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் சிலவற்றின் பங்கு விலைகளைத் தொகுத்து ஒரே எண்ணாகக் காட்டும் டவ் ஜோன்ஸ் குறியீடு 1987 அக்டோபர் 19 அன்று 508 புள்ளிகளும், 2018 பிப்ரவரி 5 அன்று 1,175 புள்ளிகளும் வீழ்ந்தது. அதுவரை கண்டிராத மிகப் பெரிய புள்ளிச் சரிவு என்று 2018இல் தலைப்புகள் வந்தன. எண்ணளவில் அது உண்மையும்கூட. ஆயினும் 1987இல் அந்த ஒரே நாளில் குறியீடு இழந்தது 22.6 சதவீதம், 2018இல் இழந்ததோ 4.6 சதவீதம். குறியீடு வளர வளர ஒரு புள்ளியின் எடை குறைந்துகொண்டே போவதால், புள்ளிக் கணக்கில் புதிய உச்சங்களும் புதிய சரிவுகளும் பதிவாகிக்கொண்டே இருப்பது இயல்பு. தலைப்பில் புள்ளி மட்டும் இருந்தால், முந்தைய நாள் குறியீடு எங்கே முடிந்தது என்று பார்த்துச் சதவீதத்தை நீங்களே கணக்கிடுங்கள். சதவீதத்திலும் கவனம் வேண்டும்: வட்டி விகிதம் 2 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக உயர்வதை ஒரு சதவீதப் புள்ளி உயர்வு என்றும் எழுதலாம், 50 சதவீத உயர்வு என்றும் எழுதலாம். அதேபோல, 50 சதவீதம் வீழ்ந்த பங்கு பிறகு 50 சதவீதம் ஏறினால் இழப்பு ஈடாகிவிடாது. 100 என்பது 50 ஆகி, திரும்பி 75 வரைதான் வரும்.

இதைவிட நுட்பமானது, விலை என்று சொல்லப்படுவது எதன் விலை என்ற கேள்வி. 2020 ஏப்ரல் 20 அன்று கச்சா எண்ணெய் விலை பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அன்று −37.63 டாலரில் முடிந்தது அமெரிக்க டபிள்யூ.டி.ஐ. வகை எண்ணெயின் மே மாத முன்பேர ஒப்பந்தம், அதாவது குறித்த மாதத்தில் பொருளைப் பெற முன்கூட்டியே விலை பேசிக்கொள்ளும் ஒப்பந்தம், மட்டுமே. மறுநாளோடு காலாவதியாகவிருந்த அந்த ஒப்பந்தத்தை இறுதிவரை கையில் வைத்திருப்பவர், ஓக்லஹோமா மாநிலத்தின் குஷிங் நகரில் எண்ணெயை நேரில் பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பெருந்தொற்றால் தேவை சரிந்து, அங்கிருந்த சேமிப்புத் தொட்டிகளில் இடம் கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில், பணம் கொடுத்தாவது ஒப்பந்தத்திலிருந்து வெளியேறப் பலர் முண்டியடித்தனர். அதே நாளில் அதே எண்ணெயின் ஜூன் மாத ஒப்பந்தம் பீப்பாய் 20 டாலரை ஒட்டியும், பிரென்ட் என்ற வேறு வகை எண்ணெய் 25 டாலரை ஒட்டியும் இருந்தன. எந்த வகை, எந்த மாத ஒப்பந்தம் என்ற இரண்டு சொற்கள் தலைப்பில் இடம்பெற்றிருந்தால் பாதிக் குழப்பம் எழுந்திருக்காது.

அடுத்தது தேதி. அமெரிக்க விமான நிறுவனமான யுனைடெட் ஏர்லைன்ஸ், கடன்காரர்களிடமிருந்து சட்டப் பாதுகாப்புத் தரும் திவால் பாதுகாப்பை 2002இல் கோரியது பற்றிய பழைய செய்தி, 2008 செப்டம்பர் 8 அன்று புதிய செய்திபோல மீண்டும் தலைகாட்டியது. அதைப் பார்த்தவர்கள் விற்கத் தொடங்க, தாய் நிறுவனத்தின் பங்கு சிறிது நேரத்திலேயே தன் மதிப்பில் ஏறத்தாழ முக்கால் பகுதியை இழந்து, வர்த்தகமும் நிறுத்தி வைக்கப்பட்டது. வரலாற்றுத் தகவல்களில் தேதிதான் வியப்பின் வேர் என்பதால், அங்கே கழித்தல் கணக்கு ஒன்றே போதும். கிளியோபாட்ரா வாழ்ந்த காலம் பெரும் பிரமிடு கட்டப்பட்ட காலத்தைவிட நிலவில் மனிதர் இறங்கிய காலத்துக்கு நெருக்கமானது என்பார்கள். பிரமிடு பொ.ஆ.மு. 2560ஐ ஒட்டியது, அவர் இறந்தது பொ.ஆ.மு. 30, நிலவுப் பயணம் 1969. முதல் இடைவெளி ஏறத்தாழ 2,500 ஆண்டுகள், இரண்டாவது ஏறத்தாழ 2,000 ஆண்டுகள். கூற்று சரி.

பெயரையும் பாருங்கள். 2020இல் காணொளிச் சேவையான ஸூம் புகழ்பெற்றபோது, ஸூம் டெக்னாலஜீஸ் என்ற தொடர்பே இல்லாத சிறு நிறுவனத்தின் பங்கைப் பலர் தவறுதலாக வாங்கினார்கள். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையம் அந்தப் பங்கின் வர்த்தகத்தையே தற்காலிகமாக நிறுத்தியது. விலங்குத் தகவல்களில் நிறுவனப் பெயரின் இடத்தில் நிற்பது இனத்தின் பெயர். சாகாவரம் பெற்ற ஜெல்லிமீன் என்று பொதுவாகச் சொல்லப்படுவது டுரிடோப்சிஸ் டோர்னி என்ற சிற்றினத்தைப் பற்றியது. அது முதிர்ந்த நிலையிலிருந்து இளம் நிலைக்குத் திரும்ப வல்லது என்பது உண்மை; நோய்க்கோ இரைகொல்லிகளுக்கோ அது பலியாவதில்லை என்பது பொய்.

இவற்றுக்குப் பிறகு, அது எப்படி இயல்கிறது என்று கேளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான், ஏனென்றால் உண்மையான தகவல் இந்தக் கேள்வியால் இன்னும் அழகாகிறது. ஆக்டோபஸின் மூன்று இதயங்களில் இரண்டு செவுள்களின் வழியே இரத்தத்தைச் செலுத்துகின்றன. மூன்றாவது உடல் முழுவதற்கும் செலுத்துகிறது. நீந்தும்போது அந்த மூன்றாவது இதயம் நின்றுவிடுவதால், ஆக்டோபஸ் நீந்துவதைவிடத் தவழ்ந்து செல்வதையே விரும்புகிறது. இரும்புக்குப் பதிலாகத் தாமிரம் கொண்ட ஹீமோசயனின் என்ற புரதம் ஆக்சிஜனைச் சுமப்பதால் அதன் இரத்தம் நீலமாக இருக்கிறது. பொய்யான தகவலோ இதே கேள்வியில் உடைகிறது. நிலவிலிருந்து வெறுங்கண்ணால் தெரிவது சீனப் பெருஞ்சுவர் என்கிறார்கள். நிலவு ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அத்தனை தொலைவிலிருந்து பார்க்கும் மனிதக் கண், சுமார் நூறு கிலோமீட்டர் அகலமுள்ள பரப்புகளைத்தான் தனித்துப் பிரித்தறியும். சுவரின் அகலமோ சில மீட்டர்களே. 2003இல் விண்வெளிக்குச் சென்ற முதல் சீன விண்வெளி வீரர் யாங் லிவேய், புவியை ஒட்டிய பாதையிலிருந்தே அதைத் தாம் பார்க்கவில்லை என்றார்.

சந்தைச் செய்தியில் இந்தக் கேள்விக்கு இணையானது, காரணம் கூறும் பகுதியைச் சோதிப்பது. வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் பலவீனமாக இருந்ததால் பங்குகள் சரிந்தன என்று ஒரு நாள் எழுதுவார்கள். அதே பலவீனத்தால் வட்டி குறையும் என்ற எதிர்பார்ப்பில் பங்குகள் ஏறின என்று இன்னொரு நாள் எழுதுவார்கள். எனவே காரணத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சரிவு என்பதை ஏற்றம் என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். வாக்கியம் அப்போதும் பொருந்தினால், அந்தக் காரணம் எதையும் விளக்கவில்லை. கடிகாரம் சாட்சி சொல்லும் அரிய சமயங்களும் உண்டு. 2013 ஏப்ரல் 23 அன்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கைக் கைப்பற்றியவர்கள் வெள்ளை மாளிகையில் குண்டு வெடித்ததாகப் பொய்ச் செய்தி இட்டவுடன், டவ் ஜோன்ஸ் ஏறத்தாழ 140 புள்ளிகள் இறங்கி, பொய் அம்பலமானதும் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பியது. பெரும்பாலான நாட்களில் இத்தகைய சாட்சி இருப்பதில்லை.

பல இடங்களில் ஒரே தகவல் இருப்பதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். எல்லோரும் ஒரே மூலத்திலிருந்து எடுத்திருக்கலாம். 1637இல் நெதர்லாந்தின் துலிப் மலர்க் கிழங்கு விலை சரிந்தபோது நாடே நொடித்துப்போனது என்ற கதையை, இருநூறு ஆண்டுகள் கழித்து 1841இல் வெளியான ஆங்கில நூல் ஒன்று பரப்பியது. விலை ஏறியதும் வீழ்ந்ததும் உண்மை. ஆனால் அக்கால ஆவணங்களைத் தோண்டிய வரலாற்றாய்வாளர்கள், பெருந்திரளானோர் அழிந்ததற்குச் சான்று காணவில்லை.

பிறருக்கு அனுப்பும்போது, கண்டெடுத்த நிபந்தனையை வாக்கியத்துக்குள்ளேயே வைத்து எழுதுங்கள். வெள்ளியின் நாள் ஆண்டைவிட நீளம் என்பதற்குப் பதிலாக, வெள்ளி ஒருமுறை தன்னைத்தானே சுழலும் காலம் அது சூரியனைச் சுற்றும் காலத்தைவிட 18 நாட்கள் அதிகம் என்று எழுதலாம். எண்ணெய் விலை பூச்சியத்துக்குக் கீழே போனது என்பதற்குப் பதிலாக, காலாவதிக்கு முந்தைய நாளில் மே மாத டபிள்யூ.டி.ஐ. ஒப்பந்தம் −37.63 டாலரில் முடிந்தது என்று எழுதலாம்.