பழைய காரைப் புதுப்பிக்கிறீர்களா? வேலையை வருடக்கணக்கில் இழுக்கும் தவறுகள்

‘இடது – உள்ளே.’

ஒரு பிளாஸ்டிக் கவரின் மேல் என் கையெழுத்தில் இவ்வளவுதான் இருந்தது. உள்ளே நான்கு போல்ட், இரண்டு வாஷர், ‘ட’ வடிவில் மடங்கிய ஒரு தகடு. எழுதிய அன்றைக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கும். மூன்று வருடம் கழித்து அந்தக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எதற்கு இடது, எதற்கு உள்ளே என்று ஒன்றும் பிடிபடவில்லை. கதவா, மட்கார்டா, டேஷ்போர்டுக்குப் பின்பக்கமா? அதற்கு இடம் கண்டுபிடிக்க ஒரு சனி ஞாயிறு முழுசாகப் போனது. கடைசியில் பார்த்தால், ஹீட்டர் பெட்டியைத் தாங்கும் இடது பிராக்கெட். ஹீட்டர் பெட்டி இருப்பதோ காரின் வலப்பக்கம்.

பழைய காரைப் புதுப்பிக்கும் வேலை ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்று கேட்டால் வரும் பதில்கள் தெரிந்தவைதான்: பார்ட்ஸ் கிடைக்கவில்லை, டிங்கர் இழுத்தடிக்கிறார், கையில் பணம் இல்லை. மூன்றும் உண்மை. ஆனால் நான் பார்த்த வரையில், பாகம் கிடைக்காமல் நின்ற கார்களைவிட, பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்து மாட்டிக்கொண்ட கார்களே அதிகம். வேலையின் வரிசை தப்பினால், செய்ததையே பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டிவரும். மாதங்கள் கரைவது அங்கேதான்.

கழற்றும் வேகம்

கார் வந்த வாரமே ஸ்பேனரை எடுத்துவிடுவது எல்லோரும் செய்வது. கழற்றுவது சுலபம், மளமளவென்று நடக்கும், பெரிய வேலை முடிந்த மாதிரியே இருக்கும். இரண்டே வாரத்தில் கூடு மட்டும் நிற்கும், சுற்றிலும் அட்டைப்பெட்டிகள். பல கார்களின் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

ஓடுகிற நிலையில் கார் கிடைத்திருந்தால் முதலில் அதை ஓட்டிப் பார்த்து எழுதிவையுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எவ்வளவு, இன்ஜின் சூடான பிறகு ஆயில் பிரஷர் எங்கே நிற்கிறது, எந்த கியரில் உறுமல் கேட்கிறது, எந்த விளக்கு எரியவில்லை. பிரித்துப் போட்ட பிறகு இதில் ஒன்றைக்கூடச் சோதிக்க முடியாது. அப்புறம் நன்றாக இருந்த கியர்பாக்ஸையும் சந்தேகத்தின் பேரில் பிரிப்பீர்கள்.

கவரில் எழுதுவதற்கு ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள்: பாகத்தின் பெயர், அது எதோடு சேர்கிறது, டிரைவர் பக்கமா மறுபக்கமா, எத்தனை போல்ட். மார்க்கர் மை, பெட்ரோல் கை பட்டால் அழிந்துவிடும். காகிதத்தில் பென்சிலால் எழுதி உள்ளேயே போட்டுவிடுவது மேல். அதைவிட மேல், முடிந்த இடத்திலெல்லாம் போல்ட்டை அதன் ஓட்டையிலேயே இரண்டு சுற்று திருகி விட்டுவிடுவது. புகைப்படம் எடுக்கும்போது கிட்டத்தில் ஒன்று, தள்ளி நின்று ஒன்று. கிட்டத்துப் படம் மட்டும் இருந்தால் அதுவும் ஒரு ‘இடது – உள்ளே’தான்.

எல்லா போல்ட்டையும் ஒரே டப்பாவில் கொட்டுவது தனி ரகத் தவறு. பழைய பிரிட்டிஷ் கார்களில் விட்வொர்த் வகை மரைகள் இருக்கும். அவற்றின் மரைக்கோணம் 55 டிகிரி. பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் 1948-இல் ஒத்துக்கொண்ட பொது மரைக்கு 60 டிகிரி. அரை அங்குல போல்ட்டில் விட்வொர்த் என்றால் அங்குலத்துக்கு 12 மரை, அந்தப் பொது மரையின் சாதாரண வகையில் 13. இரண்டு சுற்று நன்றாகத்தான் ஏறும், மூன்றாவது சுற்றில் இறுகும். இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் ஏறிவிடும் என்று தோன்றும் பாருங்கள், அலுமினிய வார்ப்பில் மரை போவது அந்த நொடியில்தான். பிரிட்டிஷ் கம்பெனியான எம்ஜி-யின் பழைய டி (T) வரிசை கார்களில் விசித்திரம் இன்னும் கூடுதல்: இன்ஜின் போல்ட்டின் மரை மெட்ரிக், தலை மட்டும் விட்வொர்த் ஸ்பேனருக்கானது.

பழைய பாகத்தைப் புதியது கைக்கு வந்து பொருந்திய பிறகே தூக்கி எறியுங்கள். உடைந்ததாக இருந்தாலும் சரி, அளவெடுக்க உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சமிருக்கலாம்.

துரு: கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் இடம்

வெளியே தெரியும் துருவை வைத்து நாள் கணக்குப் போடுவதுதான் இதில் மிகப் பெரிய தவறு. பெயிண்ட்டில் ஒரு காசு அளவுக்குக் கொப்புளம் இருந்தால், உள்ளிருந்து அரித்து வெளியே வந்த கடைசிப் புள்ளி அது. தகட்டின் பின்பக்கம் ஒரு கையகலம் போயிருக்கும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, பாட்டரி உட்காரும் தட்டு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, முன்கண்ணாடி ரப்பருக்கு அடியில் இருக்கும் விளிம்பு, மிதியடிக்குக் கீழே தரைத்தகடு: தண்ணீரும் மண்ணும் தங்கும் இடங்கள் இவை. மழுங்கிய ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்றால் இரும்பு. பொத்தென்றால் பள்ளத்தை அடைத்த பட்டி, அல்லது பெயிண்ட் போர்த்திய துரு. இந்தச் சோதனையை காரை வாங்குவதற்கு முன்பே செய்யலாம். விற்பவர் முகம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

துரு இருப்பது தெரிந்ததும் அடுத்த தவறு, கிரைண்டரை எடுத்து மொத்தத்தையும் வெட்டிவிடுவது. தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) இல்லாத கார்களில் பாடியே சேஸிஸ். கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டித் தகடுதான் காரின் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. கூரை இல்லாத காரில் கிட்டத்தட்ட முழுப் பாரமும் அதன் மேல். அதை வெட்டியவுடன் கார் நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் தொய்யும். அதே நிலையில் புதுத் தகட்டை வெல்டு வைத்தால் தொய்வு நிரந்தரமாகிவிடும்.

ஒரு நண்பரின் காரில் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வெல்டிங் பிரமாதம், தேய்த்த இடம் தெரியவில்லை. கதவை மாட்டிப் பார்த்தால் கீழே விரல் நுழையும் இடைவெளி, மேலே தகடும் தகடும் உரசுகின்றன. கீலை எவ்வளவு சரிசெய்தும் வழிக்கு வரவில்லை. இரண்டு மாத வெல்டிங்கை வெட்டி எடுத்துத்தான் திரும்ப ஆரம்பித்தார்.

வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்கே குழாய் வைத்து வெல்டு அடியுங்கள். காரின் எடை, அது சாலையில் நிற்கும்போது எங்கே இறங்குமோ, அந்த சஸ்பென்ஷன் இடங்களில் தாங்கப்பட வேண்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போங்கள். முதலில் புள்ளி வெல்டு, கதவை மாட்டி இடைவெளி பாருங்கள், பிறகு முழு வெல்டு. புதிதாக வாங்கும் மட்கார்டோ கதவுத் தகடோ அப்படியே பொருந்தும் என்று நம்ப வேண்டாம். பழையதைப் பார்த்துப் புதிதாகச் செய்யும் பாகங்களில் வளைவு ஒரு நூல் தப்பியிருப்பது சாதாரணம்.

பெயிண்ட்டுக்கு அவசரப்படுவது

இரும்பைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டு ‘நாளைக்குப் பிரைமர் அடிக்கலாம்’ என்று தூங்கப் போனால், ஈரக்காற்றுள்ள நாளில் காலைக்குள் மஞ்சள் படர்ந்திருக்கும். அன்றைக்கே பிரைமர் அடித்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் தேயுங்கள். சாதாரண பிரைமர் அடித்தால் போதும், ஒரு வருடம் நிற்கும் என்று நினைப்பதும் தப்பு. பட்டி போட்டு மட்டம் பார்க்கும் பிரைமர்களில் நுண்துளைகள் உண்டு, ஈரத்தை உறிஞ்சும். நாள் பிடிக்கும் வேலைக்கு இபாக்ஸி பிரைமர்தான் சரி. அதற்கும் அடுத்த பூச்சுக்கு ஒரு கெடு உண்டு; டப்பாவில் போட்டிருப்பார்கள். கெடு தாண்டினால் தேய்த்துவிட்டுத்தான் மேலே அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உரியும். பட்டியும் பிரைமரும் முழுசாகக் காயாமல் மேல்பூச்சு அடித்தால் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். சில வாரத்தில் அடங்கி, அடியில் இருக்கும் தேய்த்த கோடுகளெல்லாம் மேலே தெரியும்.

இதில் வரிசை தவறுவது இன்னொரு விதமாகவும் நடக்கும். பம்பர், விளக்கு வளையம், கைப்பிடி, கண்ணாடி ரப்பர் எல்லாவற்றையும் பெயிண்ட்டுக்கு முன் ஒருமுறை மாட்டிப் பார்க்க வேண்டும். புது ரப்பரின் தடிமன் பழையதைவிட ஒரு மில்லிமீட்டர் கூடினால் போதும், கதவு சாத்தாது. அதைப் புதுப் பெயிண்ட்டின் மேல் அரம் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்காதீர்கள்.

குரோம் பாகங்களைக் கடைசியில் அனுப்புவதும் தாமதத்துக்குக் காரணம். இரும்பு பம்பர் சீக்கிரம் வரும். கதவுக் கைப்பிடி, சின்னங்கள் போன்றவை பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு. அதில் விழுந்த குழிகளைக் குடைந்து, செம்பு ஏற்றி, தேய்த்து, மறுபடி ஏற்றி என்று பொறுமையாகத்தான் செய்ய முடியும். வெல்டிங் நடக்கும்போதே அனுப்பிவிடுங்கள். அனுப்பும் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எண்ணிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை பதினொன்று கொடுத்துப் பத்து வாங்கிவந்தவன் சொல்கிறேன்.

இன்ஜின்

இரண்டு தவறு. ஒன்று, பிஸ்டன் கைக்கு வருமுன் சிலிண்டரைப் போர் செய்ய (உள்சுவரைக் குடைந்து அகலப்படுத்த) கொடுத்துவிடுவது. ஓவர்சைஸ் பிஸ்டன்கள் குறிப்பிட்ட சில அளவுகளில்தான் வரும். உங்கள் இன்ஜினுக்கு அந்த அளவு கிடைக்காமலும் போகலாம். கிடைத்த பிஸ்டனை அளந்து, அதற்குத் தகுந்த இடைவெளி விட்டுத்தான் போர் செய்ய வேண்டும். கிராங்க் கிரைண்டிங்கும் பேரிங்கும் இதே கதை. லேத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்காமலே வேலையை முடித்துவிடுவார், தப்பு உங்களுடையதாக இருக்கும்.

இன்னொன்று, இன்ஜினை எல்லாவற்றுக்கும் முன்னால் முடித்து மூலையில் வைப்பது. பாடி வேலை முடிய நான்கு வருடம் ஆனால், அந்த நான்கு வருடமும் சிலிண்டர் சுவரில் ஈரம் படியும், மாட்டும்போது தடவிய ஆயில் வடிந்துவிடும், சீல் காய்ந்துபோகும். பாகங்களை வாங்கி, லேத் வேலையை முடித்து, எண்ணெய் தடவிச் சுற்றிவைக்கலாம். சேர்ப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே வாங்குவது

டயரும் பாட்டரியும் முதல் வருடமே வாங்குவது வீண். 2000-க்குப் பிறகு வந்த டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறுகிறது. கார் நகர்வதற்குப் பழைய சக்கரங்களே போதும்.

‘அதே மாடல்’ என்று சொல்லி வாங்குவதும் ஆபத்து. சேஸிஸ் நம்பரைச் சொல்லி வாங்குங்கள். எம்ஜி-யின் எம்ஜிபி மாடலில் 1967 வரை பாசிட்டிவ் எர்த் (பாட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேரும்), அந்த வருடக் கடைசியில் வந்த மார்க் 2-இல் நெகட்டிவ் எர்த், பெயர் ஒன்றுதான். வோக்ஸ்வேகன் பீட்டில் அமெரிக்காவில் 1967 மாடலிலிருந்து 6 வோல்ட்டை விட்டு 12 வோல்ட்டுக்கு மாறியது. சிட்ரோயன் டிஎஸ்-இல் ஹைட்ராலிக் எண்ணெய் 1966 வாக்கில் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. ஒன்றுக்கானதை இன்னொன்றில் ஊற்றினால் சீல் மொத்தமும் வீணாகும்.

ஒயரிங்

புதிதாகப் பெயிண்ட் அடித்த காரில் விளக்கு மங்கலாக எரிந்தால் அல்லது இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் கூடச் சிமிட்டினால், முதலில் எர்த்தைப் பாருங்கள். பழைய எர்த் புள்ளிகளின் மேல் அழகாகப் பெயிண்ட் அடித்திருப்போம். அந்த ஒரு ரூபாய் வட்டத்தைச் சுரண்டி, இரும்பைக் காட்டி, கிரீஸ் தடவி இறுக்கினால் பாதிக் கோளாறு அங்கேயே தீரும். ஒயர் நிறத்தையும் நம்பி இறங்காதீர்கள்: பிரிட்டிஷ் கார்களில் பழுப்பு என்றால் பாட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரம், ஜெர்மன் கார்களில் அதே பழுப்பு எர்த்.

‘கையோடு இதையும்’

பிரேக் மட்டும் பார்க்கலாம் என்று தொடங்கி, கையோடு சஸ்பென்ஷன், கையோடு தரைத்தகடு, கையோடு முழு பெயிண்ட் என்று போய்விடுவது. நானும் செய்திருக்கிறேன். இதற்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: ஒரு நேரத்தில் காரின் ஒரு மூலையைத்தான் பிரிப்பது, அதை முடித்து மாட்டாமல் அடுத்ததைத் தொடாதது. கார் எப்போதும் தன் சக்கரத்தில் நிற்கட்டும், தள்ளினால் நகரட்டும்.

உடம்பில் படும் தாமதம்

ஆஸ்பத்திரியில் படுத்தாலும் வேலை நிற்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில், அது காயாமல் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். கொஞ்சமே போதும், நுரையீரலைக் கெடுக்கும். காலியான பெட்ரோல் டேங்க் வெடிக்கும், நிரம்பியதைவிடச் சுலபமாக. இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பெயிண்ட்டில் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருள் உண்டு. துணி முகமூடி அதற்கு எதற்கும் உதவாது, வெளியிலிருந்து காற்று ஊட்டும் முகமூடி வேண்டும். பழைய பிரேக் ஷூ, கிளட்ச் தட்டு இவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

தேதி குறிப்பது

கண்காட்சிக்கு இந்த நாளில் கொண்டுபோவேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, முதல் நாள் இரவு பிரேக் ஆயில் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். கிளைகால் வகை பிரேக் ஆயில் புதுப் பெயிண்ட்டை உரித்துவிடும். அவசரத்தில் ஒரு சொட்டு சிந்தினால் பானெட் திரும்பவும் பெயிண்டரிடம் போகும். சிந்தினால் துடைக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இன்ஜின் முதல்முறை உயிர்பெற்ற நாளையும் முடிந்த நாளாக எண்ண வேண்டாம். ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். புது கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட பழைய வகை இன்ஜின் என்றால், உயிர்பெற்றதும் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் சுமார் 20 நிமிடம் ஓட வேண்டும். அதனால் தண்ணீர், பெட்ரோல் லீக், டைமிங் எல்லாம் அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். பிறகு சின்னச் சின்ன சுற்று: முதல் நாள் தெருமுனை வரை, வந்து அடியில் படுத்து ஈரம் பார்ப்பது, சக்கர நட்டை இறுக்குவது. அடுத்த நாள் கொஞ்சம் தூரம். ஆயிலை மாற்றி, வடித்ததைக் காந்தத்தால் துழாவிப் பார்ப்பது. இதற்கு இரண்டு மாதம் ஒதுக்கிவிட்டு, கண்காட்சி எப்போது என்று அப்புறம் பாருங்கள்.