கூரை எடுத்த கப்பல்: காஸ்மோடீரில் முதல் விண்கப்பல் கட்டுவது எப்படி

விண்வெளியில் படை நடத்தும் உத்தி விளையாட்டுகள் ஒருபாடு உண்டு. 1999-இல் ரெலிக் உருவாக்கிய ஹோம்வேர்ல்டு, கப்பல்களை மேலும் கீழுமாக எல்லாத் திசையிலும் நகர்த்த வைத்தது. 2008-இல் சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர் வந்தது. 2016-இல் வந்த ஸ்டெல்லாரிஸில் கப்பலின் ஒவ்வொரு கட்டத்திலும் எந்த ஆயுதம், எந்தக் கவசம் என்று நாமே தேர்ந்து பொருத்தலாம். மூன்றுமே நல்ல விளையாட்டுகள்தான். ஆனால் கப்பலை உள்ளிருந்து கட்டிப் பழக வேண்டும் என்றால் காஸ்மோடீரில் தொடங்குங்கள். வால்டர்நேட் ரியாலிட்டீஸ் என்ற சிறு நிறுவனம் செய்தது. 2022 அக்டோபரில் ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில் ஏர்லி ஆக்சஸாக, அதாவது முழுதாக முடியும் முன்பே, வந்தது.

இதில் கப்பலை நேர் மேலிருந்து பார்க்கிறோம். கூரையைக் கழற்றிவிட்ட வீடு மாதிரி உள்ளே எல்லாம் தெரியும். மின்சாரம் உண்டாக்கும் ரியாக்டரில் இருந்து பேட்டரியை ஆட்கள் கையில் தூக்கிக்கொண்டு நடந்து போய் லேசரிலும், கப்பலைத் தள்ளும் த்ரஸ்டரிலும் போடுவார்கள். கம்பி இழுத்து மின்சாரம் கொடுக்கும் வேலை கிடையாது. புதிதாக விளையாடுகிறவர்களின் கப்பல் பெரும்பாலும் தோற்பது பேட்டரி நேரத்துக்கு வந்து சேராததால்தான். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த நடைத் தூரத்தைக் குறைப்பதற்காகவே.

படி 1: கணினி

ஸ்டீம் பக்கத்தில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தேவையை உங்கள் லேப்டாப்போடு முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். படம் இருபரிமாணம்தான். ஆனாலும் நூறு இருநூறு ஆட்களின் நடையை ஒரே நேரத்தில் கணக்குப் போடுவதால், பழைய லேப்டாப்பில் பெரிய போர் வந்தால் திணறும். வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதனால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே ஒரு பெரிய போரை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். மவுஸ் அவசியம், டச்பேடில் கப்பல் கட்டினால் விரல்தான் வலிக்கும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் ஐப்பசியிலும் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. டெஸ்க்டாப்பில் விளையாடுகிறவர்கள் யுபிஎஸ் இல்லையென்றால் ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் சேவ் செய்யுங்கள். நெட் போனாலும் விளையாட, ஸ்டீமை முன்னதாகவே ஒருமுறை ஆஃப்லைன் மோடில் திறந்து சரிபார்த்து வையுங்கள்.

படி 2: கிரியேட்டிவ் மோடு

சண்டை போட்டுச் சம்பாதித்து முன்னேறும் கரியர் மோடில் ஒவ்வொரு பார்ட்டுக்கும் காசும் இரும்புத் தகடும் வேண்டும். கற்றுக்கொள்ளும்போது அந்தக் கவலை எதற்கு? கிரியேட்டிவ் மோடைத் திறங்கள், எல்லாம் இலவசம். கட்டும் திரையில் சிமெட்ரி பொத்தானை அழுத்தி வையுங்கள். இடது பக்கம் ஒன்று வைத்தால் வலது பக்கம் தானாக வந்துவிடும்.

படி 3: நடுப்பகுதி

கட்டங்களின் நடுவில் ஒரு சின்ன ரியாக்டர் வையுங்கள். அதற்குப் பின்னால், இரண்டு கட்டம் தள்ளி, சின்ன கன்ட்ரோல் ரூம் ஒன்று. கன்ட்ரோல் ரூம் இல்லாத கப்பல் வெறும் இரும்புக் குவியல். எத்தனை ஆயுதம், எத்தனை த்ரஸ்டர் தாங்கும் என்பதையும் கன்ட்ரோல் ரூம் தரும் கமாண்ட் பாயிண்ட்தான் முடிவு செய்கிறது. திரையில் அந்த எண் எல்லை தாண்டுகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

ரியாக்டர் அடிபட்டு உடைந்தால் வெடிக்கும். பக்கத்தில் உள்ளதையும் சேர்த்துக் கொண்டு போகும். அதனால்தான் கன்ட்ரோல் ரூமை அதோடு ஒட்டக்கூடாது. பின்னால் கப்பலைப் பெரிதாக்கி இரண்டாவது ரியாக்டர் வைக்கும்போதும் இரண்டையும் அருகருகே வைக்காதீர்கள். ஒன்று வெடித்தால் அடுத்ததும் வெடிக்கும்.

படி 4: ஆட்கள், பாதை, கதவு

இங்கேதான் நிதானம் வேண்டும். சின்ன க்வார்ட்டர்ஸில் 2 பேர், நடுத்தரத்தில் 6 பேர், பெரியதில் 24 பேர் தங்குவார்கள். முதல் கப்பலுக்கு நடுத்தரம் இரண்டு போதும், 12 பேர். ரியாக்டரின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒவ்வொரு ஆயுதத்தின் மேலும் மவுஸை வைத்தால் அதை இயக்க எத்தனை பேர் வேண்டும் என்று காட்டும். அதையெல்லாம் கூட்டிக்கொள்ளுங்கள். பேட்டரி சுமக்க அதற்கு மேலேயும் ஆள் மிஞ்ச வேண்டும். எல்லாரும் ஆயுதத்தில் உட்கார்ந்துவிட்டால் சுமப்பது யார்?

அடுத்து பாதை. ரியாக்டரைச் சுற்றி காரிடார் கட்டங்களை வையுங்கள்; அதிலிருந்து முன்பக்கத்துக்கு இரண்டு பாதை, பின்பக்கத்துக்கு இரண்டு பாதை. ஒரே பாதையை நம்பினால், அதில் ஒரு கட்டம் உடைந்ததும் முன்னால் உள்ள லேசர்கள் எல்லாம் பட்டினி. மார்த்தாண்டம் சந்தியில் சாயங்காலம் மாட்டிக்கொண்டவர்களுக்கு இரண்டாவது வழியின் அருமை தெரியும்.

பாதை வைத்ததும் கதவைச் சரிபாருங்கள். இரண்டு பார்ட் ஒட்டி நின்றால் மட்டும் ஆள் உள்ளே போக முடியாது, இடையில் கதவு வேண்டும். கப்பல் பார்க்க முழுமையாக இருந்தும் ஒரு லேசர் மட்டும் சுடவே இல்லையா? பத்தில் ஒன்பது தடவை அங்கே கதவு இல்லாமல்தான் இருக்கும்.

இப்போது விளையாட்டை ஓடவிட்டு, ஒரே ஒரு ஆளை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். ரியாக்டரில் குனிந்து ஒரு பேட்டரியை எடுக்கிறார். காரிடாரில் திரும்புகிறார். லேசர் வரை 4 கட்டம் என்றால் போய் வர 8. அதே லேசரை அணியத்தின் (கப்பலின் முன்பக்கம்) நுனியில், 14 கட்டம் தள்ளி வைத்திருந்தால் போய் வர 28. அவர் ஒரு தடவை போய் வரும் நேரத்தில் பக்கத்து லேசருக்கு மூன்று தடவைக்கு மேல் பேட்டரி போய்ச் சேர்ந்திருக்கும். அந்தத் தூர லேசருக்கு அதே வேகத்தில் ஊட்ட மூன்று நான்கு ஆள் வேண்டும். அவர்களுக்குப் படுக்கை வேண்டும். படுக்கை வைத்தால் கப்பல் பெருக்கும், கனக்கும். கப்பல் பெரிதாகப் பெரிதாக பலவீனமாவது இப்படித்தான். நீளமான, ஈட்டி மாதிரியான கப்பலைத் தொடக்கத்தில் கட்டாதீர்கள் என்று சொல்வதற்கும் இதுவே காரணம்.

படி 5: த்ரஸ்டர்

பின்பக்கம் சாதாரண த்ரஸ்டர் இரண்டு. நான்கு மூலையிலும் பக்கவாட்டைப் பார்த்துச் சின்ன த்ரஸ்டர் ஒவ்வொன்று, திரும்புவதற்கு. முன்பக்கத்தைப் பார்த்துச் சின்னது இரண்டு, நிறுத்துவதற்கு. இந்த முன்பக்க த்ரஸ்டரைத்தான் எல்லாரும் மறப்பார்கள். அப்புறம் எதிரி மேல் போய் மோதிய பிறகுதான் நினைவு வரும். புகை வெளியேறும் பக்கத்தில் வேறு பார்ட் வைக்க முடியாது. இடம் விட்டுத் திட்டமிடுங்கள். த்ரஸ்டருக்கும் பேட்டரி வேண்டும் என்பதால் பின்பாதையும் குட்டையாக இருக்கட்டும்.

கப்பலின் எடை மையமும் தள்ளுவிசையும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ வள்ளத்தில் வலையை ஒரு ஓரமாகக் குவிக்க மாட்டார்கள், குவித்தால் சாயும். இங்கே சாயாது, ஆனால் நேராகப் போகச் சொன்னால் வட்டமடிக்கும். சிமெட்ரி வைத்துக் கட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. ஒரு பக்கம் அடிபட்டுக் கவசம் போன பிறகு கப்பல் இழுப்பதைப் பார்த்தால், காரணம் இதுதான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

படி 6: ஆயுதமும் கவசமும்

முதல் கப்பலில் லேசர் பிளாஸ்டர் மட்டும் நான்கு. பீரங்கி அடி பலமானதுதான். ஆனால் அதற்குக் குண்டு தனியாகச் சுமக்க வேண்டும், குண்டு வைக்க இடம் வேண்டும். ஒரே வகைச் சுமையோடு பாதையைச் சரியாகப் பழகிக்கொண்டு, இரண்டாவது கப்பலில் பீரங்கிக்குப் போங்கள். லேசர்களை அணியத்தில் இரண்டிரண்டாக, ரியாக்டரில் இருந்து 4, 5 கட்டத்துக்குள் நிறுத்துங்கள். குழல் வாய்க்கு முன்னால் எதுவும் இருக்கக் கூடாது.

கவசம் முன்பக்கம் இரண்டு அடுக்கு, பக்கவாட்டில் ஒன்று, பின்னால் வேண்டாம். எல்லாப் பக்கமும் போர்த்தினால் பாதுகாப்பு என்று தோன்றும். எடை கூடி ஆமை மாதிரி நகரும். அடியைத் தடுக்கும் ஆற்றல் திரையான ஷீல்டு, அடி வாங்க வாங்க பேட்டரி தின்னும். ரியாக்டர் ஒன்றே இருக்கும்போது ஷீல்டுக்கும் லேசருக்கும் சேர்த்து ஊட்ட முடியாது. இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தீயணைப்பான் ஒன்றை ரியாக்டர் பக்கத்துக் காரிடாரில் வையுங்கள். தீப்பிடித்தால் ஆட்களே எடுத்து அணைப்பார்கள்.

படி 7: சண்டை

கிரியேட்டிவ் மோடிலேயே ஒரு சின்ன எதிரிக் கப்பலை இறக்குங்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் விளையாட்டு அப்படியே நிற்கும். நின்ற நிலையிலும் கட்டளை கொடுக்கலாம். இதைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள். எதிரி கண்ணில் பட்டதும் நிறுத்தி, அதன் ஆயுதம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். உங்கள் அணியம் எதிரியைப் பார்க்கும்படியும், லேசர் எட்டும் தூரத்தின் விளிம்பில் நிற்கும்படியும் தாக்குதல் கோணத்தை அமைத்துவிட்டு ஓடவிடுங்கள்.

எதிரிக் கப்பலில் எந்தப் பார்ட்டை அடிக்க வேண்டும் என்றும் குறிக்கலாம். சீக்கிரம் முடிக்க வேண்டுமானால் ரியாக்டர். வெடித்துச் சிதறும், ஆனால் பொறுக்க மிச்சம் அதிகம் இருக்காது. கரியர் மோடில் உடைந்த கப்பலின் உலோகம்தான் உங்கள் வருமானம் என்பதால், அங்கே கன்ட்ரோல் ரூமைக் குறிவையுங்கள்.

தோற்றால் உடனே லேசரைக் கூட்டாதீர்கள். அதே சண்டையைத் திரும்ப ஓட்டி, பாதியில் நிறுத்தி, எந்தப் பார்ட்டின் மேல் பேட்டரிக் குறி மின்னுகிறது என்று பாருங்கள். எல்லா லேசரிலும் மின்னினால் ரியாக்டர் உற்பத்தி போதவில்லை. தூரத்தில் உள்ளதில் மட்டும் மின்னினால் நடைத் தூரம் பிரச்சினை. ஒரு பக்கத்தில் மட்டும் மின்னினால் அந்தப் பக்கப் பாதையோ கதவோ உடைந்திருக்கும். பேட்டரி நிறைந்திருந்தும் சுடவில்லை என்றால் இயக்க ஆள் இல்லை.

கப்பலைக் கூட்டாளிக்கு அனுப்ப

காஸ்மோடீர் கப்பலை பிஎன்ஜி படக் கோப்பாகவே சேமிக்கிறது. பார்த்தால் கப்பலின் படம். அந்தப் படத்துக்குள்ளேயே முழு வடிவமும் பதிந்திருக்கும். நண்பரின் கணினியில் சேமித்த கப்பல்கள் உள்ள ஃபோல்டரில் அந்தப் படத்தைப் போட்டால் போதும், கப்பல் திறக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் மட்டும் திறக்காது, ஏனென்றால் அது படத்தைச் சுருக்கும்போது உள்ளே பதிந்த விவரம் அழிந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொடுங்கள். வாங்கியவரிடம் ரியாக்டரில் இருந்து லேசர் வரை கட்டங்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் கவனிக்காமல் விட்ட கதவு அவர் கண்ணில் படும்.