தோட்டத்துக் காளான்: நானும் செய்த தவறுகள்

ஒக்டோபரில் இரண்டு நாள் மழை பெய்தால் போதும், என் போனில் காளான் படங்கள் குவியும். "இது என்ன காளான் அண்ணா?" பார்த்தால், பத்து வருடத்துக்கு முன் கொழும்பு வெள்ளவத்தையில் நான் எடுத்த படங்கள் மாதிரியே இருக்கும்.

மேலிருந்து மட்டும் படம் எடுப்பது

காலி வீதியில் குடை பிடித்துப் போகிறவரை மாடியிலிருந்து பார்ப்பது போலத்தான். குடை தெரியும், ஆள் யாரென்று தெரியாது.

ஒருமுறை எங்கள் புல்தரையில் தட்டளவு வெள்ளைக் காளான்கள் வட்டமாக முளைத்தன, நடுவில் மண்ணிறச் செதில்களோடு. நாற்பது படம் எடுத்தேன், நாற்பதும் நின்றபடி. பின்னேரம் கீழ்வீட்டு அன்ரி கேட்டார்: "தம்பி, இது ஊரில சமைக்கிற புற்றுக்காளான்தானே?" படங்களைப் பார்த்துவிட்டு "அப்படித்தான் இருக்கு" என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எரிச்சல் வரும். அன்ரி சமைத்துச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் வாந்தி, வயிற்றோட்டம். இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் சேலைன்.

மிஞ்சிய ஒன்றின் குடையை வெள்ளைத்தாளில் வைத்து ரம்ளரால் மூடினேன். விடியப் பார்த்தால் தாளில் பச்சைத் தூள், குடையின் அடியிலிருந்து உதிர்ந்த வித்தித்தூள். குளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ்: வெப்ப நாட்டுப் புல்தரைகளில் அடிக்கடி முளைக்கும் நச்சுக்காளான். இளசில் அடித்தகடுகள் வெள்ளையாகவே இருக்கும், முற்றினால்தான் பச்சை ஏறும். புற்றுக்காளானின் வித்தித்தூள் இளஞ்சிவப்பு. அதன் காம்பு மண்ணுக்குள் வேர் போல இறங்கிக் கறையான் கூடுவரை போகும். என் நாற்பது படத்தில் இதில் ஒன்றுகூட இல்லை.

இப்போது மேல், பக்கம், அடி, காம்பு மண்ணைத் தொடும் இடம் என்று நாலு படம் எடுக்கிறேன். அடியைப் பார்க்கச் சின்ன முகக்கண்ணாடியைக் கீழே பிடித்தால் போதும், பிடுங்க வேண்டாம். அழகும் அங்கேதான் இருக்கிறது: சேலைக் கொசுவம் போல அடுக்கடுக்காய், வெளிச்சம் ஊடுருவும் தகடுகள்.

தின்று பார்ப்பது

வேண்டாம்.

"பிறகு பார்க்கலாம்"

மைக்காளான் விடியற்காலை மணி போல நிற்கும். தேத்தண்ணி குடித்துவிட்டு ஆறுதலாகப் போனால் கறுப்புச் சாறாக வழிந்திருக்கும்.

மருந்து அடிப்பது

மேலே தெரிவது காய் மாதிரி. உயிர் மண்ணுக்குள் நூல் நூலாக, பழைய வேரையும் இலையையும் மக்கவைத்துக்கொண்டிருக்கிறது. பூச்சாடியில் எலுமிச்சை மஞ்சளாக ஒன்று வருமே, அது செடியை ஒன்றும் செய்யாது. அப்படியே விடுங்கள், இரண்டு நாளில் தானே சாய்ந்துவிடும்.